தம்பிக்கு எல்லாம் தெரியும்

எஸ்.பி.எம். தேர்வு முடிந்து முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில், சிம்பாங் அம்பாட்டில் மாமா நடத்தும் கைப்பேசிக் கடையில் வேலை செய்தேன். சிறிய கடை. ஒரு கண்ணாடிப் பெட்டி, இரண்டு நாற்காலிகள், சுவர் முழுக்கக் கைப்பேசி உறைகள். திரை மாற்றுவதும் பேட்டரி மாற்றுவதும் மாமாவின் வேலை. ரீலோட் போடுவது, டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுவது, "தம்பி, இது ஏன் இப்படி வருது?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது ஆகியவை என் வேலை. இந்த மூன்றாவது வேலைதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. என்னைவிட முப்பது வயது மூத்தவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அது ஒரு போதை.

ஒரு நாள் பக்கத்துத் தாமானிலிருந்து ஓர் அக்கா வந்தார். தொழிற்சாலை வேலை முடிந்து, சீருடையோடு நேராகக் கடைக்கு வந்திருந்தார். "போன் ஃபுல் ஆகிடுச்சு தம்பி, ஒரு படம்கூட எடுக்க முடியல." வாங்கிப் பார்த்தேன். படங்களும் காணொலிகளும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அவையெல்லாம் மேகச் சேமிப்பில் ஏறியிருப்பதற்கான அடையாளமும் தெரிந்தது. "எல்லாம் மேலே ஏறிடுச்சுக்கா. போன்ல உள்ளத அழிச்சிடுங்க, அங்க பத்திரமா இருக்கும்" என்றேன். நன்றி சொல்லி, இரண்டு ரிங்கிட்டையும் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனார். நான் பெருமையாக அதை உண்டியலில் போட்டேன்.

நாலு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். கைப்பேசியில் படம் இல்லை. மேகத்திலும் இல்லை. அவருடைய அம்மா அதற்கு முந்தைய ஆண்டு இறந்திருந்தார். அம்மாவின் கடைசி இரண்டு ஆண்டுப் படங்கள் எல்லாம் அந்தக் கைப்பேசியில்தான் இருந்தன. "மேகத்துல இருக்கும்னு சொன்னீங்களே தம்பி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அழிக்கும்போது திரையில் ஓர் எச்சரிக்கை வந்ததாம். படித்தும் பார்த்தாராம். "ஆனா நீங்கதான் சொல்லிட்டீங்களே" என்று சரி என்பதைத் தட்டியிருக்கிறார்.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம். தொழில்நுட்பம் பற்றிய தவறான நம்பிக்கைகள் என்றால் உடனே நமக்குத் தாத்தா பாட்டிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். புலனத்தில் வரும் புரளியையெல்லாம் அனுப்புபவர்கள் என்று அவர்களைக் கிண்டல் செய்கிறோம். என் அனுபவம் வேறு. பெரியவர்கள் தெரியாது என்று ஒப்புக்கொண்டு நம்மிடம் கேட்கிறார்கள். தெரியும் என்று நினைத்துக்கொண்டு தவறாகச் சொல்வது நாம்தான். படிவம் 3 படிக்கும் பிள்ளைதான் பல வீடுகளில் டெக்னீஷியன். விரல் வேகமாக ஓடுவதை அறிவு என்று வீட்டார் எண்ணிக்கொள்கிறார்கள். நாமும் அப்படியே எண்ணிக்கொள்கிறோம்.

சரி, அந்தப் படங்களுக்கு என்னதான் ஆனது? நான் சொன்னதில் பாதி உண்மை. படங்கள் மேகத்தில் இருந்தன. ஆனால் கைப்பேசியும் மேகமும் இரண்டு தனித்தனிப் பெட்டிகள் அல்ல. அவை ஒத்திசைவில் இருந்தன. ஒத்திசைவு என்றால் இரு பக்கமும் எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அதன் வேலை. இங்கே ஒரு படம் சேர்ந்தால் அங்கேயும் சேரும். இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும். கண்ணாடியில் தெரியும் உருவத்தை நாம் இன்னோர் ஆள் என்று நம்பிவிட்டோம். கைப்பேசியில் மட்டும் இடத்தைக் காலி செய்வதற்கென்று அந்தச் செயலிகளிலேயே தனியாக ஒரு வசதி உண்டு. அதைப் பயன்படுத்தியிருந்தால் மேகத்தில் இருந்தது பிழைத்திருக்கும். அழித்தவையும் உடனே போய்விடுவதில்லை. பரவலாகப் புழங்கும் சேவைகளில் அவை 30 நாளோ 60 நாளோ குப்பைத் தொட்டியில் கிடக்கும். அக்கா ஒரு மாதத்தில் வந்திருந்தால் ஒரே தட்டில் மீட்டிருக்கலாம். அவர் வந்ததோ நாலாவது மாதம்.

காப்புப் பிரதி என்பது வேறு. ஓர் இடத்தில் அழித்தால் இன்னோர் இடத்தில் அழியாமல் இருப்பதுதான் காப்பு. புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறோர் இடத்தில். இறுதியாண்டு ஆய்வேட்டை ஒரே மடிக்கணினியில் வைத்துக்கொண்டு "டிரைவ்ல சிங்க் ஆகுது" என்று தூங்கப்போகும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பாதிக் கட்டுரையைத் தூக்கக் கலக்கத்தில் அழித்துச் சேமித்தால், அந்தத் தவறும் மிக விசுவாசமாக மேகத்துக்கு ஏறும். சில சேவைகள் பழைய பதிப்புகளைச் சில காலம் வைத்திருக்கும் என்பது உண்மைதான். உங்களுடையது வைத்திருக்கிறதா, எத்தனை நாள் என்று இன்றிரவே பாருங்கள்.

இதில் எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படுவது ஒன்று. இந்தச் சாதனங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. அதே ஆண்டில் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில் திறந்தது. சிம்பாங் அம்பாட்டிலிருந்து சில நிமிடப் பயணத்தில் பத்து காவான். ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த நிலம். அங்கே 2023 அக்டோபரில் மைக்ரோன் நிறுவனம் தன் இரண்டாவது ஆலையைத் திறந்தது. நினைவகச் சில்லுகளைப் பொருத்திச் சோதிப்பதுதான் அங்கு நடக்கும் வேலை. உலகத்தின் படங்கள் எந்தச் சில்லில் போய் உட்காருகின்றனவோ, அதைச் சோதித்து அனுப்பும் கைகளில் எங்கள் தாமான் அக்கா அண்ணன்மார்களின் கைகளும் உண்டு. அந்த அக்காவும் பத்து காவானில்தான் வேலை செய்கிறார்.

அப்படிப்பட்ட ஊரில் கடையில் நான் அதிகம் வாங்கிக்கட்டிக்கொண்டது நினைவகக் கொள்ளளவுக்காகத்தான். "64 ஜிகாபைட்னு சொல்லி வித்தீங்க, கணினியில போட்டா 59 காட்டுது, மீதி எங்க?" என்று ஓர் ஐயா கத்தினார். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பது அவர் முடிவு. அவருக்கு நான் சொன்ன பதிலும் தவறு. "மீதியை சிஸ்டம் எடுத்துக்கும் ஐயா" என்றேன். கைப்பேசியின் உள்நினைவகத்துக்கு அது ஓரளவு பொருந்தும். வெறும் பென்டிரைவில் ஏது சிஸ்டம்? உண்மை வெறும் கணக்கு. தயாரிப்பாளர் ஒரு ஜிகாபைட்டை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடியே சொச்சம் பைட்டை ஒரு ஜிகாபைட் என்கிறது. 640 கோடி பத்துகளை இந்தப் பெரிய படியால் அளந்தால் 59.6 வரும். ஒரு டெராபைட் 931 ஆகத் தெரிவதும் இதனால்தான். அரிசி குறையவில்லை, படிதான் பெரியது. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் மேக் கணினிகளில் தயாரிப்பாளரின் படிக்கே மாறிவிட்டது. அதனால் அதே பென்டிரைவ் மேக்கில் 64 என்றே தெரியும்.

இதில் யாரும் நஷ்டப்படவில்லை. ஆனால் இதே ஐயா சில வாரங்களில் இயங்கலையில் 25 ரிங்கிட்டுக்கு 2 டெராபைட் பென்டிரைவ் ஒன்று வாங்கி வந்து, "பாரு, இது சொன்னபடி காட்டுது" என்று எனக்குக் காட்டினார். அதுதான் போலி. உள்ளே இருப்பது சிறிய சில்லு. அதன் கட்டுப்பாட்டு நிரல் கணினியிடம் பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். கணினி அதை நம்பி அப்படியே காட்டும். இடம் நிறைந்த பிறகு புதிய கோப்பு பழையதன்மேல் எழுதப்படும், அல்லது எங்குமே எழுதப்படாது. கோப்பின் பெயர் மட்டும் பட்டியலில் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும் சோதனை நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. புதிய பென்டிரைவில் ஒன்றைச் சேமிப்பதற்கு முன் ஒரு முறை அதை ஓட்டிவிடுவது நல்லது. நேர்மையான பொருள் குறைத்துக் காட்டுவதுபோல் தெரிந்தது. பொய்யான பொருள் சரியாகக் காட்டியது. ஐயாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேட்டரி கதையையும் சொல்லிவிடுகிறேன். புதுக் கைப்பேசி வாங்குபவர்களிடம் "முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போடுங்க, அப்புறம் முழுசா இறங்கினதும்தான் போடணும்" என்று சொல்லாத கடை உண்டா? எனக்கு மாமா சொன்னார், மாமாவுக்கு அவருடைய முதலாளி சொன்னார். அது ஒரு காலத்தில் சரியான அறிவுரைதான். பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகளைப் பாதி இறங்கியதுமே திரும்பத் திரும்ப ஏற்றினால் அவற்றின் திறன் குறைவதுபோல் ஆகும். சோனி நிறுவனம் 1991-இல் லித்தியம்-அயன் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு கதை தலைகீழாகிவிட்டது. 2019-இல் ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது இந்தப் பேட்டரிக்காகத்தான். இதற்குப் பூஜ்யம் வரை இறங்குவது பிடிக்காது. நூறிலேயே நெடுநேரம் நிற்பதும் பிடிக்காது. எல்லாவற்றையும்விட வெப்பம் ஆகாது. 35 டிகிரிக்கு மேல் போனால் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். மதிய வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போவது, தலையணைக்கடியில் வைத்து இரவெல்லாம் ஏற்றுவது, இவைதான் நம் ஊரில் பேட்டரியைக் கொல்கின்றன. பேட்டரி மாறி முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. அறிவுரை மட்டும் மாறாமல் கைமாறிக்கொண்டே வருகிறது.

பின்னணியில் இருக்கும் செயலிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடினால் பேட்டரி மிஞ்சும் என்பதும் அந்த வகைதான். இன்றைய கைப்பேசிகள் அவற்றைத் தாமாகவே உறங்கவைத்துவிடும். மூடியதை மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் அதிக மின்சாரம் செலவாகும். உறைந்து நிற்கும் செயலியை மூடலாம், மற்றதை விடுங்கள். சொன்னாலும் கேட்கமாட்டீர்கள், தெரியும். நானே பழக்கத்தில் இன்னும் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதுவரை சொன்னவற்றில் போவது படங்களும் பேட்டரியும். பணம் போகும் இடம் ஒன்று இருக்கிறது. போன ஆண்டு என் பெரியம்மாவுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. பொட்டலம் ஒன்று காத்திருக்கிறது, 1 ரிங்கிட் 50 சென் கட்டினால் வீட்டுக்கு வரும் என்று ஓர் இணைப்பு. பெரியம்மா உஷாரானவர். உடனே தட்டவில்லை. படிவம் 4 படிக்கும் மகனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் முகவரிப் பட்டியைப் பார்த்தான். பூட்டுச் சின்னம் இருந்தது. "பூட்டு இருக்கும்மா, சேஃப்தான்" என்றான். வங்கி அட்டை எண்ணைக் கொடுத்தார்கள். ஒரே இரவில் 1,800 ரிங்கிட் போனது.

அவன் சொன்னது பள்ளியில் நமக்கெல்லாம் சொல்லித்தந்ததுதான்: பூட்டு இருந்தால் பாதுகாப்பு. பூட்டுச் சின்னத்துக்குப் பொருள் ஒன்றே ஒன்று. உங்கள் கைப்பேசிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது. ஒட்டி முத்திரையிட்ட கடித உறை மாதிரி. கடிதத்தைப் பெறுபவர் நல்லவரா, திருடரா என்பது முத்திரைக்குத் தெரியாது. முன்பு அந்தச் சான்றிதழை வாங்கப் பணமும் சிரமமும் ஆகும் என்பதால் மோசடிக்காரர்கள் பூட்டு இல்லாமல் வந்தார்கள். இன்று அது இலவசமாகச் சில நிமிடத்தில் கிடைக்கிறது. திருடனும் முத்திரை போட்டே அனுப்புகிறான். கூகல் நிறுவனம் 2021-இல் நடத்திய ஓர் ஆய்வில் கலந்துகொண்டவர்களில் 11 விழுக்காட்டினர்தான் பூட்டின் சரியான பொருளைச் சொன்னார்களாம். அதனால் 2023 செப்டம்பரில் குரோம் உலாவியிலிருந்து அந்தப் பூட்டையே எடுத்துவிட்டார்கள். தம்பிக்கு அதைக் கற்றுக்கொடுத்த பாடம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

இதன் இன்னொரு முகம் ஏ.பி.கே. கோப்பு. வீட்டைச் சுத்தம் செய்யும் சேவை என்றோ, திருமண அழைப்பிதழ் என்றோ புலனத்தில் வரும். அழைப்பிதழ் என்றால் படமாக வரும், காணொலியாக வரும். ஏ.பி.கே. என்பது ஆண்ட்ராய்டில் ஒரு செயலியையே நிறுவும் பொதி. நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால், வங்கி அனுப்பும் டேக் எண் உங்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடும். குறுஞ்செய்தி வழி வரும் டேக் எண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளிடம் சொன்னதற்கு இதுபோன்ற மோசடிகள்தான் காரணம். ஐபோன் வைத்திருப்பவர்கள் இங்கே புன்னகைக்க வேண்டாம். ஏ.பி.கே. உங்கள் கருவியில் ஏறாது, ஆனால் பெரியம்மா ஏமாந்த பொய்த் தளம் எல்லாக் கைப்பேசியிலும் ஒரே அழகோடு திறக்கும். பணம் போய்விட்டால் முதலில் அழைக்க வேண்டிய எண் 997. 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் அது. வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடிப்பதுதான் எல்லாம். பெரியம்மா மகனைத் திட்டிவிடக்கூடாதே என்று மறுநாள் மாலைவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு நாள்தான் பெரிய இழப்பு என்று இப்போதும் நினைக்கிறேன்.

மறைவு முறை உலாவலைப் பற்றிக் கல்லூரி நண்பர்களுக்கு ஒரு வரி. அது உங்கள் கருவியில் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவுதான். விடுதியின் வைஃபையும் இணையச் சேவை நிறுவனமும் நீங்கள் போகும் தளங்களும் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. இதைச் சொல்லி அமெரிக்காவில் 2020-இல் கூகல்மீது வழக்கே போட்டார்கள். சேர்த்த தரவுகளை அழிப்பதாக 2024-இல் அந்த நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

என் தவறான பதில்களில் ஒன்று மட்டும் நல்லபடியாக முடிந்தது. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பழைய பென்டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் வேலை செய்த தோட்டப் பள்ளியின் வரலாற்றை, பழைய மாணவர்களிடம் கேட்டுக் கேட்டு, பதினைந்து ஆண்டுக்கு முன் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. கோப்பைத் திறந்தேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரிந்தது. "ஃபைல் கெட்டுப்போச்சு சார்" என்றேன். அவர் சிறிது நேரம் நின்றார். "கம்ப்யூட்டருக்குத் தமிழ் ஒத்துவராதுப்பா, அப்பவே சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னதும் தவறு, நான் சொன்னதும் தவறு. கணினிக்கு எந்த மொழியும் ஒத்துவராது. அதற்கு எண்கள் மட்டும்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று மனிதர்கள்தான் உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்துக்கு அந்த உடன்பாடு 1960-களிலேயே வந்துவிட்டது. தமிழுக்கு வருமுன் நம்மவர்கள் பொறுமையிழந்து, ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவங்களை வரைந்துவிட்டார்கள். இலங்கைத் தமிழரிடையே புகழ்பெற்ற பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'அம்மா' என்று தெரியும் இடத்தில் கணினி சேமித்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இருக்கும் கணினியில் அம்மா. இல்லாத கணினியில் குப்பை. தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை. இப்படி ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு கணக்கு.

இந்தச் சிக்கலை அவிழ்த்ததில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளில் இறங்கியவர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் பொதுத் தரம் தேடியது. 2001-இல் அதே மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. யூனிகோட் 1991-இலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தும், தமிழ்நாட்டு அரசு அதைத் தன் தரமாக ஏற்க 2010 ஆனது. "சார், யூனிகோட் எழுத்துருவில் அடிங்க" என்று இன்றும் சொல்கிறோமே, அதுவும் பிழைதான். யூனிகோட் எழுத்துரு அல்ல, எந்த எண் எந்த எழுத்து என்னும் அந்த உடன்பாடு. உடை மாறினாலும் அடையாள அட்டை எண் மாறாததுபோல், எழுத்துருவை எப்படி மாற்றினாலும் 'அ' உள்ளே 'அ'வாகவே இருக்கும்.

பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டில் இதைப் படித்த அன்று மாலை, அந்த ஆசிரியரின் நினைவு வந்து வயிற்றைக் கலக்கியது. மாமாவுக்குப் போன் செய்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தோம். நல்லவேளை, பென்டிரைவைத் தூக்கிப்போடவில்லை. கோப்பு கெட்டிருக்கவில்லை. ஓர் எழுத்தும் குறையாமல் அப்படியே இருந்தது. எந்த எழுத்துருவில் அடித்தார் என்று கண்டுபிடித்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றியில் போட்டேன். அரை மணி நேர வேலை. 43 பக்கங்கள். கடையில் வைத்தே செய்திருக்கலாம். "தெரியவில்லை சார், விசாரித்துச் சொல்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அந்த வார்த்தைதான் நம் வயதில் வாயில் வருவதில்லை. இப்போது வீட்டு டெக்னீஷியனுக்கே ஒரு டெக்னீஷியன் கிடைத்திருக்கிறார். அவருக்கும் அந்த வார்த்தை எளிதில் வராது. என் குழுவில் ஒருவர் செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் மேற்கோள் நூல்கள் கேட்டார். ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் சேர்த்து மூன்று நூல்களைத் தந்தது. அவற்றில் ஒன்றுகூட எந்த நூலகத்திலும் இல்லை. அது தேடுபொறி போன்றது, எங்கோ பார்த்துத்தான் சொல்லும் என்று அவர் நினைத்திருந்தார். அடிப்படையில் அது செய்வது, அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணிப்பது. நூல் பெயர்போல் ஒலிப்பதைத் தருவது அதற்கு நூலைத் தேடுவதைவிட எளிது. 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர் சாட்ஜிபிடி தந்த, இல்லாத வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி, 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். சட்டம் படித்தவர்கள்! இணையத்தில் தேடிவிட்டுப் பதில் சொல்லும் வகைகளும் இப்போது வந்துவிட்டன. அவை தரும் இணைப்பையும் திறந்து பார்த்த பிறகே நம்புவது என்று நான் வைத்திருக்கிறேன்.

அக்காவின் படங்களுக்கு வருகிறேன். மேகத்திலிருந்து மீட்க வழியில்லை என்று உறுதியான பிறகு, மாமா ஒரு யோசனை சொன்னார். படம் எடுத்தவர் அழித்திருக்கலாம், ஆனால் அனுப்பியிருப்பாரே? குடும்பத்தின் புலனக் குழுக்கள் நான்கு இருந்தன. உறவினர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டோம். மூன்று வாரத்தில் 61 படங்கள் கிடைத்தன. புலனம் அனுப்பும்போதே சுருக்கிவிடுவதால் எல்லாம் சிறியவை, கொஞ்சம் மங்கல். கூலிமில் இருக்கும் சின்னம்மாவின் பழைய கைப்பேசியில் ஒரு காணொலியும் இருந்தது. 40 வினாடி. அவருடைய அம்மா அடுப்படியில் நின்று யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறார்.

எல்லாவற்றையும் இரண்டு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஒன்று அவருக்கு, ஒன்று சின்னம்மாவுக்கு. வாங்கிக்கொண்டவர் உடனே கிளம்பவில்லை. "தம்பி, இதுல ஒண்ண அழிச்சா, அதுலயும் போயிடுமா?" என்று கேட்டார்.

போகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயால் சொல்லவில்லை. கடைச் சுவரைப் படம் எடுத்து, இரண்டிலும் போட்டு, ஒன்றில் அழித்துவிட்டு, மற்றதைக் கணினியில் செருகி அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். சுவர் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு இரண்டையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.